வாராக்கடன்

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெசோ,
ஃபெர்மினுக்கு நான் கொடுத்தது,
படகு எஞ்சினுக்கென்று.
கொடுத்த அன்றே நோல்வியா சொன்னாள்:
கடன் அன்பை முறிக்கும்.
உன் தம்பிதானே என்றேன்.
அதனால்தான் சொல்கிறேன் என்றாள்.

எஞ்சின் வந்தது. பணம் வரவில்லை.
போன் செய்தால் எடுக்க மாட்டான்.
ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால்
வல்பராய்சோவில்
மரிபோசாஸ் குன்றின் உச்சிக்குப் போக வேண்டும்,
பச்சைத் தகரம் போர்த்திய வீடு.
இருநூற்றுப் பன்னிரண்டு படி.
கம்பியில் ஏறும் பெட்டி பழுதாகி
இரண்டு மேயர்கள் மாறிவிட்டார்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
சீனத்துப் பெட்டி, பெருவின் பெட்டி
எதுவானாலும் இரண்டு விரலால் தூக்கிவைப்பேன்.
என்னுடைய நூற்றுப் பதினாறு கிலோவுக்குத்தான்
கிரேன் இல்லை.

முதல் நாள்
நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு செவலை நாய் வந்து முகர்ந்து
இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல்
திரும்பிப் போயிற்று.

மேலே போய்ச் சேர்ந்தபோது
கடன் என்று சொல்ல
வாயில் காற்று இல்லை.
"உட்காருங்க மச்சான்" என்று
தண்ணீர் கொடுத்தான்.
பிறகு ஒரு தட்டு:
அவித்த கடற்பாசி, வெங்காயம், எலுமிச்சை.
"எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்றான்.
எண்ணெய் அந்த வீட்டில்
எப்போதுமே தீர்ந்திருந்தது.
"நாளைக்கு வாங்க, கண்டிப்பா."

நாளைக்குப் போனேன்.
அந்த நாளைக்கும் அடுத்த நாளைக்குப் போனேன்.
கோபத்தைப்போல ஊன்றுகோல் கிடையாது.
எழுபதாம் படியில் வசவைத் தொடங்கினால்
அவன் கதவுக்குச் சரியாக
உச்ச வசவு வர வேண்டும், அதுதான் கணக்கு.
நடுவில் சிகரெட் பற்றவைத்தால்
இருமலில் நல்ல வார்த்தைகள் வீணாகின்றன.
சிகரெட்டை விட்டேன்.
வசவை விடவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள்
கதவு பூட்டியிருந்தது.
வடக்கிலிருந்து காற்று. கீழே கடல்
ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல்.
போனால் போகிறான் என்று
இறங்கியிருக்கலாம்.
வாசற்படியில் உட்கார்ந்து
திரும்பி வரும் படகுகளை எண்ணினேன்.
ஏழு. எட்டு.
இருட்டிய பிறகு
கரையோரமாய் ஒரு எஞ்சின் இருமியது.
எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்,
என் பணத்தின் சத்தம்.
எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான்
திட்ட மறந்து இறங்கினேன்.

மருத்துவமனையில் அந்தப் பெண்
இரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தாள்.
கருவியைத் தட்டினாள்.
தன் கையில் கட்டிப் பார்த்தாள்.
"என்ன சாப்பிடுகிறீர்கள்?"
"மைத்துனன் வீட்டில் கிடைப்பதை."
"என்ன உடற்பயிற்சி?"
"வசூல்."
எழுதிக்கொள்ளவில்லை அவள்.

ஆகஸ்ட் கடைசியில்
கதவு திறந்தே இருந்தது.
மேசைமேல் பிளாஸ்டிக் பை,
மீன் வாடையோடு சின்னச் சின்ன நோட்டுகள்.
"எண்ணிக்கோங்க மச்சான்.
எட்டு மாசம் நடக்கவிட்டேன், மன்னிக்கணும்."
எண்ணினேன்.
ஒன்றுகூடக் குறையவில்லை.
குறைந்திருக்கலாம்.

தட்டு வந்தது.
மெல்ல மெல்லத் தின்றேன்.
செவலை நாய் வாசலில் நின்றது,
இறங்கும்போது
கூடவே பாதிவரைக்கும் வரும் இப்போதெல்லாம்.

பைக்குள் கைவிட்டு
இருபதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.
"வலை கிழிந்து கிடக்கிறதே.
தைக்க வை. கடன்தான், சும்மா இல்லை.
நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்."

"நாளைக்கு இருக்காது மச்சான்."

"தெரியும்" என்றேன்.