பல்லுறை

சுவான்சியில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
எழுபதாம் நிமிடம்.
யெஸ்டினின் தலை ஒரு முழங்காலில் மோதிய ஒலி
எல்லைக்கோடுவரை கேட்டது.

இது எந்த மைதானம்?
சரியாகச் சொன்னான்.
போன வாரம் யாரோடு ஆடினீர்கள்?
என் காதுக்குப் பின்னால் எதையோ தேடினான்.

கெரைன்ட் கடிகாரத்தைத் தட்டுகிறார்:
"அவனே ஆடுறேன்னு சொல்றானே!"
இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்.
கம்பிக்கு அப்பால் அவன் அப்பா
கட்டைவிரலை உயர்த்துகிறார்.

அடிபட்ட தலையிடமே
தலைக்கு ஒப்புதல் கேட்கிறார்கள்.

எனக்குச் சம்பளம் தருவதும் இந்தப் பல்கலைக்கழக ரக்பிக் கழகம்தான்.
அடுத்த பருவத்து ஒப்பந்தம்
கெரைன்ட்டின் மேசையில்
கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

கையை நீட்டினேன்.
சப்பிய மிட்டாயைத் தரும் பிள்ளைபோல
உள்ளங்கையில் பல்லுறையைத் துப்பினான்.
மேலங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
இது இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது.
கெரைன்ட் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தோற்றோம்.

இரவுப் பேருந்தில் இருந்தேன்.
மருத்துவமனை வரிசையிலிருந்து யெஸ்டினின் செய்தி:
"ஜெயிச்சோமா?"
இல்லை என்று எழுதினேன்.
ஸ்கெட்டி தாண்டுவதற்குள் மறுபடியும்:
"ஜெயிச்சோமா?"

பைக்குள் விட்ட விரலில்
அவன் பல்தடங்கள்,
இன்னும் ஈரமாய்.