நீலப் பேசன்

கோழி என்றால் பழக்கம்.
வாத்துக்கு
நாள் குறித்துக் குறித்தே
மூன்று மாதம் தள்ளினோம்.

ஞாயிறு. பீடோரில் செம்பனை ஆலைக்கு ஓய்வு.
பாராங் தீட்டியது குணாளன்.
இறக்கையை அமுக்கிப் பிடித்தது நான்.
கழுத்து இவ்வளவு நீளமென்று
அப்போதுதான் தெரிந்தது.

கொதிநீர் ஊற்றினோம்.
முத்துமுத்தாய் உருண்டோடியது.
செத்த பிறகும்
நனைய மறுத்தது.

பாத்திரச் சோப்பைக் கரைத்தேன்.
குஞ்சாய்க் குளித்த அதே நீலப் பேசனில்
இறக்கை அக்குள்வரை
தேய்த்துவிட்டேன்.

முள்மயிர் பிடுங்க என் புருவ இடுக்கி.
பக்கத்து வீட்டு ஆ ஹோய்
வேலிக்கு மேல் எட்டி
"சூடு பத்தாது லா" என்றான்.

இரவு குழம்பில் எண்ணெய் மிதந்தது.
குணாளன் மறுசோறு கேட்டான்.
நான் எலும்பையும் விடவில்லை.

காலையில் பேசனைக் கழுவித்
தண்ணீர் நிரப்பினேன்.
மீதி ஐந்தும்
முட்டி மோதி இறங்கின.