சொல் ஏறாத இரும்பு

ஒட்டுசுட்டான் மரக்காலைக்கு எந்தக் குற்றி வந்தாலும்
முதலில் தட்டித்தான் பார்ப்போம்.
வாளில் நாலு பல் போனால்
முதலாளி அதை என் சம்பளத்தில்தான் எழுதுவார்.

அந்தப் பாலைக் குற்றி
ஒரு வடுவும் காட்டவில்லை.
பட்டை எல்லாவற்றையும் மேவி வளர்ந்திருந்தது.
நடுவில் மட்டும் கறையான் குடைந்த ஒரு பொந்து,
கை போகுமளவு.

கண்ணிவெடி முகாமிலிருந்து மபியாலா
ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வந்தான்,
ஒரு பிளேன்ரீக்கும் இரண்டு ரோல்சுக்கும்.
அடியிலிருந்து நுனிவரை மெல்ல நகர்த்தினான்.
பதினேழு இடத்தில் கத்தியது.
பதினேழு வட்டம் போட்டேன் சோக்கட்டியால்.
பகிடி ஏதும் விடுவான் என்று பார்த்தேன்;
மரத்தூளில் குந்திவிட்டான்.

கொங்கோ ஆறு கடலில் விழும் பக்கம் அவன் ஊர்.
ஒன்றரை வருடம் பொறுக்கிய தமிழில்
விரலால் தூளில் கீறிக் காட்டினான்:
ஓங்கிய ஒரு கை, வெளியே நீட்டிய நாக்கு,
வயிற்றில் கண்ணாடி,
உடம்பு முழுக்க ஆணி.
இன்கிசி என்றான்.
என் காதில் இம்சை என்று விழுந்தது.
பெரிய பிழையில்லை.

வழக்குள்ள இரண்டு பேர் வருவினமாம்.
ஆணியை நக்கி, சொல்லைச் சொல்லி,
மரத்தில் அடிப்பினமாம்.
பொய்த்தவனைத் தேடி
மரம் இரவில் வேட்டைக்குப் போகுமாம்.
எச்சில் படாத ஆணி வெறும் இரும்பு.
மருந்து வைக்காத உருவம் வெறும் விறகு.
"நான் கத்தோலிக்கன், எனக்குப் பாதிதான் தெரியும்" என்றான்.
அப்பப்பாவின் உருவத்தை ஒரு வெள்ளைக்காரன் கொண்டுபோய்
வயிற்று மருந்தை ஊத்தை என்று துடைத்து
கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கிறானாம்.

நான் குற்றியைப் பார்த்தேன்.
இந்தப் பதினேழையும் அடித்தவர்கள்
எதை நக்கினார்கள்? யார் பேரைச் சொன்னார்கள்?
மபியாலா தேத்தண்ணிக் கோப்பையை
வெறுமனே சுழற்றிக்கொண்டிருந்தான்.

வீட்டுத்திட்ட வீட்டுக்கு நிலை அரிய
முற்பணம் கட்டியிருந்த இராசபூபதி
எங்கள் பின்னால் நின்றிருக்கிறாள்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
"வயித்துக்குள்ளை என்ன வைக்கிறது?" என்று கேட்டாள்.
வெள்ளைக்களி. வேர். மயானத்து மண்.
"மயானம் தெரிஞ்சால் நான் ஏன் தம்பி
கந்தோர் கந்தோராத் திரியிறன்?"

வட்டுவாகலில் கையளித்த தம்பிக்காக
அவள் ஏறிய ஆணைக்குழு மூன்று, அலுவலகம் ஒன்று.
ஒவ்வொன்றிலும் ஒரு பதிவுத்துண்டு தந்தார்கள்.
ஒவ்வொன்றிலும் ஒருவர் எழும்பி நின்று
கட்டாயம் அறிவிப்போம் அம்மா என்றார்.

நிலை வேண்டாம் என்றாள்.
குற்றியை நிமிர்த்தச் சொன்னாள்.
வாசலில், வைரவர் சூலத்துக்கு இந்தப் பக்கம்,
மூன்று பேரும் தள்ளி நிறுத்தினோம்.
பொந்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.
கையில் பதிவுத்துண்டுகள் இருந்தன;
அவற்றைக்கூட உள்ளே வைக்கவில்லை.

நாலங்குல ஆணி நாலு கேட்டாள்.
முதலாளி கணக்கில் எழுதாமல் எடுத்துக் கொடுத்தேன்.

முதலாவதை நக்கினாள்.
துரு கசந்திருக்கும், முகம் சுழிக்கவில்லை.
சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஒரு பேரும் திகதியும்.
ஆணைக்குழு என்ற சொல்லுக்குள்
ஆணை கிடந்ததை
சுத்தியல் சத்தத்தில்தான் கவனித்தேன்.
இரண்டாவதும் நேராக இறங்கியது.
மூன்றாவதுக்குப் பாலைவைரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

நாலாவது
பாதியில் நின்று, அடிக்க அடிக்க வளைந்தது.
சோக்கட்டி வட்டத்தைப் பட்டையோடு தட்டியிருந்தோம்;
உள்ளே கிடந்த செல்துண்டில் முட்டியிருக்கிறது,
இரும்பில் இரும்பு.

மபியாலாவைப் பார்த்தேன்.
"எங்கள் ஊரில் இப்படி நடந்ததில்லை" என்றான்.
உள்ளுக்குள் ஏற்கெனவே ஒருவர்
சொல்லில்லாமல் அடித்துவிட்டுப் போன மரத்துக்கு
அவனிடம் சடங்கு இல்லை.
எங்களிடமும் இல்லை.

இராசபூபதி ஆணியைப் பிடுங்கினாள்.
படிக்கல்லில் வைத்து நிமிர்த்தினாள்,
புடவைத் தலைப்பில் துடைத்தாள்,
திரும்ப நாக்கில் வைத்தாள்.

இப்போது ஒரு சாண் மேலே
விரலால் தட்டித் தட்டி
இடம் பார்க்கிறாள்.