மான் பறக்கும் விதம்

மேட்னிக்கு நான் கிறிஸ்துமஸ் தாத்தா.
களியக்காவிளை ஸ்டெல்லா தியேட்டர் வாசலில்
வயிற்றில் தலையணை கட்டி
மணி ஆட்ட முந்நூறு ரூபாய்.
ராத்திரி சபை வாலிபர் கேரலுக்கும் நான்தான் தாத்தா.
அதற்குக் கூலி இல்லை,
வீட்டுக்கு வீடு கேக்கும் கட்டன்காப்பியும்.
உடுப்பு ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் படம், தமிழ்ப் பேச்சு ஏற்றியது.
போஸ்டரில் போட்ட ‘ஏ’
தாத்தாவின் தொப்பியைவிடப் பெரிது.
அந்தத் தாத்தாவுக்கு இடுப்பில் கால்சட்டை நிற்காது.
அவருடைய மான்கள்
பின்பக்கத்துக் காற்றில் பறக்கும்.
கதை என்று கேட்டால் அவ்வளவுதான்.

வந்தவர்களைச் சொல்கிறேன்.
ஹெல்மெட் கழற்றாமல் டிக்கெட் நீட்டினார் ஒருவர்.
பஸ்ஸிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன்.
நடையும் தெரிந்தது,
காணிக்கைப் பை எடுக்கிற நடை.
ரப்பர் வெட்டு முடித்து
கைநாற்றம் போகாமல் நாலு பேர்.
செக்போஸ்ட்டில் சீட்டுக்குக் காத்துக்கிடந்த
கோழி லாரி டிரைவர்கள்.
பாட்டுக் குழுவின் பேஸ் குரல்கள் ரெஜினும் ஜாஸ்பரும்,
தனித்தனியாக,
ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி.
குவைத்திலிருந்து லீவில் வந்த நர்ஸ் எப்சிபா மட்டும்
நேராக வந்து ‘பால்கனி ஒண்ணு’ என்றாள்.
சில்லறையை எண்ணி வாங்கினாள்.

இடைவேளைக்குப் பிறகு நானும் உள்ளே போய் நின்றேன்.
சென்சார் ‘கீ’ என்று மூடிய இடங்களை
அரங்கம் நிரப்பிக்கொண்டிருந்தது,
இடப்பக்கம் மலையாளத்தில், வலப்பக்கம் தமிழில்.
பாதிச் சொற்கள் ஒன்றேதான்.
அவற்றை எந்தச் செக்போஸ்ட்டிலும்
இறக்கிப் பார்ப்பதில்லை.

‘தூ, தெய்வதோஷம்’ என்று எழுந்தார் ஒருவர்.
கதவு வரை வந்தார்.
அடுத்த மான் கிளம்புகிற நேரம்.
திரும்பிப் பார்த்தவர்
படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.
ஒரு டிரைவர் வாய் திறந்து உறங்கினான்.
பால்கனியிலிருந்து ஒரு சிரிப்பு
டம்ளர் உருளுகிற மாதிரி
இறங்கி வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் தாத்தா
ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் இருந்து
தாடியைப் பிய்ப்பார். பசையோடு தோலும் வரும்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
சீட்டுகள் கிறீச்சிட்டன.
என் தாடைச் சொறியை
நான் ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.

‘காசு வேஸ்ட்டு ஓய்’ என்று சொல்லிப் போனவருக்குச்
சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தது.
‘எலே தாத்தா, ஒனக்க கால்சட்டை நிக்குமா?’
ரப்பர்காரர் ஒருவர்
தலையணையில் ஒரு குத்து விட்டார்.
ஹெல்மெட் பக்கவாசல் வழியே போனது.

ராத்திரி எட்டு மணி.
சபைச் செயலாளர் ஞானசிகாமணி வீட்டு முற்றம்.
காகித நட்சத்திரம் பனியில் தளர்ந்து தொங்கியது.
ஆயர் நடுவில்.
டிரம் ரெஜினின் வயிற்றில், ஜாஸ்பர் அவன் பின்னால்.
பக்கத்து வீட்டு மதிலில் கைவைத்து எப்சிபா.
பாட்டு நின்றதும் செயலாளரின் இளைய பிள்ளை
என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.
‘தாத்தா, ஒங்க மான் எப்பிடிப் பறக்கும்?’

ஜாஸ்பருக்கு இருமல் வந்தது.
செயலாளர் குனிந்து செருப்பைத் தேடினார்.
அது காலில்தான் இருந்தது.
எனக்கு வேறு பதில் வாயில் வரவில்லை:
‘மரச்சீனி தின்னு, மக்களே.’

மதிலில் டம்ளர் உருண்டது.

என்ன, என்ன என்று கேட்டார் ஆயர்.
ஒன்றுமில்லை என்றோம் ஐந்து பேர், ஒரே மூச்சில்.
சரி, ஜெபிப்போம் என்று
அவர் கண்ணை மூடினார்.
முற்றமே தலைகுனிந்து நின்றது.
யாரும் அடிக்காத டிரம்
ரெஜினின் வயிற்றின் மேல்
தானாக அதிர்ந்துகொண்டிருந்தது.