புல்தரைத் தாழ்நிலை

காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கூண்டைத் திறந்து
ராத்திரி எவ்வளவு இறங்கியது என்று எழுதுவது என் வேலை.
முத்தோரை மேட்டில் இருபத்திரண்டு வருடம்.
இன்று கூண்டுக்குள் மூன்று.
புல்தரையில் கழித்தல் ஒன்று.
உறைபனி மேல் என் செருப்புத் தடம் மட்டும் பச்சை.
போஜன் குரங்குக் குல்லாய்க்குள் இரண்டு கண்ணாக நிற்கிறான்.
நான் ஸ்வெட்டரைக் கழற்றி
மழைமானி மேல் போட்டிருக்கிறேன்.
"அக்கா, உங்களப் பார்த்தாலே எனக்குக் குளிருது."
பார்க்காதே.

லெட்ரோசோல், மஞ்சள், தினம் ஒன்று.
அறுபது மாதத்தில் இது பதினெட்டாவது.

ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு.
அதற்கும் கால்சியத்துக்கும் ஆகாது.
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
நாலு மணி நேரம் தள்ளித்தான் உட்கார வைக்கவேண்டும்.
சாப்பாட்டுக்கு முன்னே சர்க்கரைக்கு,
பின்னே அழுத்தத்துக்கு.
எலும்புக்கு வாரம் ஒன்று; விழுங்கிவிட்டுப் படுக்கக்கூடாது,
ஞாயிறு பூசையில் நின்றே கழித்துவிடுகிறேன்.
பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பங்குத்தந்தை.

விரல் கணுக்கள் விடியலில் திறக்க மறுக்கும்.
பென்சில் வழுக்கிப் பதிவேட்டில் என் ஏழெல்லாம்
ஒன்று போலவே விழுகின்றன.
சென்னையிலிருந்து கடிதம்:
பன்னிரண்டாம் தேதி ஏழா, ஒன்றா?
ஒன்றுதான் என்று பதில் போட்டேன்.
அன்று வாளித் தண்ணீரைக் கல்லால் உடைத்தது நினைவிருந்தது.

கோவைக்கு இறங்குகிற நாளில்
கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றால்
எல்லாரும் டிக்கெட்டால் விசிறிக்கொள்கிறார்கள்.
அங்கே பத்து நிமிடம்
நான் சாதாரண மனுஷி.

அனலுக்கு மாத்திரை உண்டு என்றார் டாக்டர்.
எழுதப்போனவர் என் அழுத்தத்தைப் பார்த்துப்
பேனாவை மூடினார். அதையும் இது ஏற்றிவிடுமாம்.
நெஞ்சு டாக்டரைக் கேளுங்கள்.
நெஞ்சு டாக்டர்: சர்க்கரை டாக்டரைக் கேளுங்கள்.
சர்க்கரை டாக்டர் என் பைலைப் புரட்டி
இதெல்லாம் கான்சர் டாக்டர்தான் சொல்லணும் என்றார்.
இரண்டு மாடி, மூன்று லிப்ட்,
டோக்கன் நாற்பத்தாறு.

ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்து விழிக்கிறேன்.
எது இது?
மாத்திரையின் அனல் என்றால் நெஞ்சில் கிளம்பிக்
கழுத்து வழியாகக் காதுக்கு ஏறும்.
சர்க்கரை இறங்கினால் வேர்வை குளிர்ந்திருக்கும்,
உதடு மரக்கும்.
தூக்கத்தில் இரண்டும் ஒரே ஈர நைட்டி.

குத்திப் பார்க்கவேண்டும்.
இடது கை ஆகாது, நெறிகட்டி எடுத்த பக்கம்.
வலது மோதிர விரல்.
மீட்டர் பிழை என்கிறது. குளிர்கிறதாம் அதற்கு.
பத்து டிகிரிக்குக் கீழே வேலை பார்க்காது, போஜன் ஜாதி.
"ஜன்னல்" என்கிறார் மரியநாதன்
இரண்டு கம்பளிக்கு அடியிலிருந்து.

மீட்டரை நைட்டிக்குள் விட்டு
இடது பக்கம், தழும்பு தட்டையாக ஓடுகிற இடத்தில்
உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறேன்.
அங்கே தொட்டால் எனக்குத் தெரியாது.
ஆனால் இந்த வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.

தெருவிளக்கின் கீழே ஒரு காட்டெருமை
முட்டைகோஸ் வேலியை யோசித்தபடி நிற்கிறது.
அதன் முதுகிலிருந்து ஆவி போகிறது.
என் கையிலிருந்தும்.

மீட்டர் ஒத்துக்கொண்டது.
இன்னொரு குத்து.
அறுபத்தொன்று.

அப்படியென்றால் இரண்டும்தான், ஒரே நேரத்தில்.
சிரிப்பு வந்தது, கை நடுங்கியது.
எப்போது எழுந்தாரோ, மரியநாதன்
குல்லாயோடு குளுக்கோஸ் டப்பாவும் ஸ்பூனுமாக நிற்கிறார்.
கலக்கிக் கொடுத்துவிட்டு
நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னலோரம் நின்றார்.
மூடவில்லை.

ஏழு மணிக்குக் கூண்டைத் திறந்தேன்.
பென்சில் இரண்டு தடவை விழுந்தது.
"சொல்லுங்கக்கா, நான் எழுதறேன்."
கூண்டு நாலு.
புல்தரை பூஜ்யம்.
அறுபத்தொன்று.

போஜன் நிமிர்ந்து பார்த்தான்.
"அது எந்தப் பத்தியிலக்கா?"