கண்ணேறு

இறால் மடியை அவிழ்த்ததும் முதலில் விழுந்தது அதுதான்,
நனைந்த சாக்குபோல் பொத்தென்று.
எருமைநாக்கு. நான்கு கிலோ தேறும்.
ஜுபைல் விளக்குகள் கண்ணுக்கு மறைந்த தூரம்;
மூன்று நாள் முறைத்த ஷமால்
அன்றுதான் ஓய்ந்திருந்தது.

"கையை வைக்காத டே" என்றான் வியான்னி.
பேர்தான் நாக்கு, உள்ளே பூராவும் பல்.
போன சீசனில் ஒரு மிஸ்ரியின் பெருவிரலைக்
கையுறையோடு கேட்ட வாய்.
அறிவியல்காரர்கள் வைத்த லத்தீன் பேரிலும்
நம் எருமை இருக்கிறதாம்,
அடைக்கலத்தின் மகன் போனில் காட்டினான்.

குஞ்சில் இதுவும் நிமிர்ந்துதான் நீந்தும்,
பக்கத்துக்கு ஒரு கண்ணாக,
நெத்திலி மாதிரி, யோக்கியமாக.
பிறகு மண்டை முறுக்கிக்கொள்ளும்.
ஒரு கண் புறப்படும்
எலும்பை நெகிழ்த்திக்கொண்டு.
மற்ற தட்டைமீன்களுக்கு அது உச்சியைத் தாண்டி
இணைக்கண்ணோடு போய்க் குடியேறிவிடும்.
இதற்கு உச்சி விளிம்போடு நின்றுவிடுகிறது.
அதனால்தானோ என்னவோ
மணலை உதறி எழுந்து
இன்னும் சில நேரம் நிமிர்ந்து நீந்துகிறது.
எந்தக் கண் ஏறும் என்று விதியும் இல்லை,
இடமும் உண்டு, வலமும் உண்டு.

"நமக்கு வலம்" என்றான்.
மூக்கோரம் முளைத்த வெள்ளைச் சதை
ஏழு வருடமாய்க் கருமணிக்கு
நடந்துகொண்டிருக்கிறது,
உப்புக்காற்றும் பகல் வெயிலும் ஊட்டி வளர்த்தது.
திங்கட்கிழமை மெடிக்கல்.
இடக்கண்ணைப் பொத்தச் சொல்வார்கள்.
சுவர் அட்டையில் மூன்று கால் எழுத்து
எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லவேண்டும்.
ஐந்தாம் வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறான்:
வாடை, கச்சான், கச்சான், சோழகம், கொண்டல்.
வலை இழுக்கும்போதும் வாய் முணுமுணுக்கிறது.

அட்டையை மாற்றிவிட்டார்கள்.
போன வாரம் போய்வந்த அடைக்கலம் சொன்னான்,
என்னிடம் மட்டும்.
நான்கு நாளாக வைத்திருக்கிறேன்.

வியான்னி மீனைப் புரட்டினான்.
அடிப்பக்கம் சோற்றுக் கஞ்சி வெள்ளை.
"கண்ணுள்ள பக்கம் மேல கிடக்கட்டும்,
ஏலத்தில வங்காளி அதைத்தான் பாப்பான்."
ஐஸை அள்ளிப் போட்டோம்.
செவுள் இன்னும் அசைந்தது.
தோலின் பழுப்பு மெல்ல, மெல்ல வெளிறியது;
சாகிறதா,
ஐஸைப் பார்த்து ஐஸாக முயல்கிறதா,
தெரியவில்லை.

"கச்சான் ரெண்டுதானே?" என்று கேட்டான்.
"ரெண்டு" என்றேன்.