மழை என்று எழுதிய நாட்கள்

மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி.
போன வருடத்தது.
அதில் திங்கள் என்று அச்சடித்த நாளில்
எனக்குச் செவ்வாய்.
மேலே மலையாளத்தில் இடவம், மிதுனம், கர்க்கடகம்.
கீழே என் தமிழ், சாய்ந்து சாய்ந்து,
வேலந்தாவளம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவளைப் போல.

முதல் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
பெயர், ரத்த வகை, வண்டி எண், பாலிசி எண்.
வண்டி எண்ணை மட்டும் எழுதினேன்.
தவணை முடியாத வண்டி.

காலை ஐந்தரைக்குச் சொசைட்டியைத் திறப்பேன்.
ஆறுச்சாமி கேனைச் சாய்ப்பார்.
பால்மானியை உள்ளே விடுவேன்,
அது தலையை ஆட்டி ஆட்டி
ஓர் எண்ணில் நிற்கும்.
"தண்ணி சேர்ந்திருக்குதுங்க."
"மாடு ராத்திரி நெறையக் குடிச்சிருச்சு கண்ணு."
இரண்டு பேரும் சிரிப்போம்.
பால்மானி சொன்ன எண்ணைத்தான் எழுதுவேன்.

ராத்திரி, டைரி.
யாரும் கேட்காத இடத்தில்
என்னத்தைத்தான் எழுதுவது?
தக்காளி கிலோ நாற்பது.
பரிமளா மகளுக்குச் சீர், ஐநூறு வைத்தேன்.
அண்ணன் வந்தான், சித்தூர் போனோம்,
பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சந்தோஷமாகத்தான் போட்டேன்.
மழை.

ஆவணிக் கடைசியில் கரண்ட் போன ஓர் இரவு
தவணை கட்டிய தேதியைத் தேடி
பின்னோக்கிப் புரட்டினேன்.
மழை என்றிருந்தது.
நாலு பக்கம் தள்ளி, மழை.
இடவத்தில் ஆறு, மிதுனத்தில் ஒன்பது.
மழை, தலைவலி.
மழை, சோறு வடிக்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஏது மழை?
பாலக்காட்டில் கொட்டும்,
மண்ணார்க்காட்டில் கொட்டும்,
கொழிஞ்சாம்பாறை தாண்டினால்
மேகம் எங்களைப் பார்க்காதது போலப் போய்
தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும்.
அங்கேயும் பெய்யாது.
அந்த மாதங்களில் பஞ்சாயத்து லாரியில்தான் தண்ணீர்.
குடத்துக்குச் சண்டை போட்டதையும்
நானே எழுதியிருக்கிறேன்,
மழைக்கு இரண்டு வரி மேலே.

மறுநாள் செக்ரட்டரி ரவீந்திரனிடம்
பழைய கொள்முதல் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன்.
மழையால் கேன் தாமதமானால் ஓரத்தில் குறித்துவைப்பார்.
என் தேதிகளுக்கெல்லாம்
ஓரம் வெள்ளையாக இருந்தது.
"எந்தா, கணக்கு தெற்றியோ?"
"ஆமா, என்னோடதுதான்."

அப்படியானால் அந்தப் பதினைந்து நாளும்
எங்கே பெய்தது?
ஏன் அந்தப் பக்கங்களில் மட்டும்
மை கலங்கியிருக்கிறது?

கையெழுத்துப் போட்ட நாளைத் திரும்பப் படித்தேன்.
சந்தோஷமாகத்தான்.
அந்தத் "தான்" மேல் விரலை வைத்தேன்.
பாலை அளந்து ஊற்றிய பிறகு
யாரோ ஒரு சொம்பு சாய்த்தது மாதிரி.
யாரோ என்ன, நான்.
பால்மானிக்கு இது ஒரு நொடி வேலை.
எனக்கு நாலு மாதம்.

இன்று அச்சில் வியாழன், எனக்கு வெள்ளி.
மழை இல்லை.
அண்ணன் போன் செய்தான்,
தேங்காய் விலை சொன்னான்,
கிணற்றடித் தென்னை நன்றாகக் காய்க்கிறதாம்.
எனக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது.

எழுதி முடித்ததும் பசித்தது.
சோறு இருந்தது, ரசம் இல்லை.
மோர் ஊற்றிக்கொண்டேன்,
தண்ணீர் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து.